காற்றுக்கும் ஒரு கால்வாய்

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி

எங்கள் செய்யூர்ப் பக்கத்தில் காற்றுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கிழக்கே வங்கக் கடல். இடையே கழிவெளியும் உப்பளங்களும். பிற்பகல் ஆனதும் கடற்காற்று எழுந்து, உப்பு வாசனையைச் சுமந்துகொண்டு தெருவுக்குள் வந்துவிடும். பாட்டி காலத்து வீடுகளில் முற்றமும் எதிரெதிர்ச் சன்னல்களும் இருந்தன. காற்று எவ்வழியே வரவேண்டும், எவ்வழியே போகவேண்டும் என்பதை வீடு கட்டிய கொத்தனாரே முடிவு செய்துவிட்டார். அதன்பிறகு அதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவள் ஆதலால், காற்று போகும் குழாயைச் சுத்தம் செய்வதே ஒருவருக்கு வாழ்நாள் தொழிலாக இருக்கக்கூடும் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்பதன மெக்கானிக் படிப்பை முடித்திருந்த என் தம்பிக்கு வளைகுடா நாடு ஒன்றிலிருந்து வேலை வந்தது. தாளில் இருந்த பெயர் 'டக்ட் கிளீனிங் டெக்னீஷியன்'. அம்மாவுக்குக் 'கிளீனிங்' என்ற சொல் மட்டும் புரிந்தது. முகம் வாடிவிட்டது. படிக்க வைத்த பிள்ளை சாக்கடை அள்ளவா போகிறான் என்று கேட்டு, அன்றிரவு சாப்பிடவில்லை.

மறுநாள் பெரிய மாமாவை அழைத்து வரச் சொன்னாள். மாமா அதே வேலையைப் பதினோரு ஆண்டுகள் வளைகுடாவில் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆனால் இங்கே யாரிடமும் அவர் வேலையின் பெயரைச் சொன்னதில்லை. 'ஏ.சி. கம்பெனி' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

"அண்ணே, உண்மையைச் சொல்லு. அது என்ன வேலை?" என்று அம்மா கேட்டாள்.

மாமா சிறிது நேரம் தயங்கினார். "வாய்க்கால் தூர் வாருறதுதாம்மா. தண்ணி ஓடுற வாய்க்கால் இல்ல, காத்து ஓடுற வாய்க்கால். ஒழுங்கா செஞ்சா கௌரவமான வேலை. ஒழுங்கில்லாம செஞ்சா, வீட்டுக்காரனுக்கும் கேடு, செய்யறவனுக்கும் கேடு" என்றார்.

அன்று தொடங்கி மூன்று மாலைகள் அவர் எங்கள் திண்ணையில் அமர்ந்து கூறியவற்றையும், அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். நம் கல்லூரியிலிருந்தும் பலர் நாளை இந்த வேலைக்குப் போகக்கூடும். வேறு சிலர் இந்த வேலைக்கு ஆள் வைக்கக்கூடும்.

முதலில் அந்தக் குழாய் எது என்பதைச் சொல்லவேண்டும். நம் வீடுகளில் ஏ.சி. என்றால் சுவரில் தொங்கும் பெட்டி ஒன்று, வெளியே இரைச்சலிடும் பெட்டி ஒன்று. அறையின் காற்றை அந்த அறையிலேயே இழுத்து, குளிர்வித்து, அங்கேயே விட்டுவிடும். அதில் குழாய்க்கு வேலையில்லை. அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் பல வீடுகளில் அமைப்பு வேறு. வீடு முழுமைக்கும், அல்லது ஒரு மாடிக்கு, ஓர் எந்திரம். அது பொய்க்கூரைக்கு மேலோ தனி அறையிலோ ஒளிந்திருக்கும். குளிர்ந்த காற்றை அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் கொண்டுசெல்வது துத்தநாகப் பூச்சுள்ள தகரத்தாலான சதுரக் குழாய். தாய்க்குழாய் ஒன்று, அதிலிருந்து கிளைகள், கிளை முடியும் இடத்தில் சுவரிலோ கூரையிலோ ஒரு சல்லடைச் சன்னல். அறையில் சுற்றிச் சூடேறிய காற்று வேறொரு சன்னல் வழியே திரும்பி எந்திரத்திற்கே போகும். போகும் வழியை 'சப்ளை' என்றும், திரும்பும் வழியை 'ரிட்டர்ன்' என்றும் தொழிலாளர் சொல்வர். நெஞ்சிலிருந்து இரத்தம் போவதும் திரும்புவதும் போல என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூரில் இந்த அமைப்பைக் காண விரும்பினால் பெரிய மருத்துவமனை, திரையரங்கு, நட்சத்திர ஓட்டல் ஆகியவற்றின் பொய்க்கூரைக்கு மேலே பார்க்கவேண்டும்.

குளிர்பதனக் கலையின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1902-ல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்திற்காக முதல் நவீனக் குளிர்சாதன அமைப்பை வகுத்தபோது, மனிதருக்குக் குளிர்ச்சி தருவது அவர் நோக்கமன்று. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ண அச்சு ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமற் போயிற்று. அந்த ஈரத்தை அடக்கத்தான் எந்திரம் பிறந்தது. ஈரத்தை அகற்றுவது இன்றும் அதன் பெரும் பணி. குளிர்ந்த சுருளின்மேல் காற்றின் ஈரம் நீராய்ப் படிந்து, கீழேயுள்ள தட்டில் சொட்டி, வடிகுழாய் வழியே வெளியேறவேண்டும். அது வெளியேறாமல் தேங்கினால்தான் தொல்லை தொடங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூசியைவிட ஈரமே பெரிய பகைவன் என்று மாமா மூன்று நாளும் மூன்று முறை சொன்னார்.

தூசி எப்படி உள்ளே போகிறது? முன்னால் வடிகட்டி இருக்கிறதே என்று நானும் கேட்டேன். வடிகட்டி அழுக்கேறி அடைத்துக்கொண்டால் காற்று ஓரத்து இடுக்குகள் வழியே புகுந்து போகும். திரும்பும் குழாயில் மூட்டு விட்டிருந்தால், அங்கே உறிஞ்சும் விசை இருப்பதால், பொய்க்கூரைக்கு மேலுள்ள குப்பைக் காற்றெல்லாம் உள்ளே இழுக்கப்படும். பாலைவனத்துப் புழுதிப் புயலும் சேர்ந்துகொண்டால் கேட்கவேண்டியதில்லை. ஆனால் மாமா கண்டவற்றில் மிகப் பெரும்பகுதி, வீடு கட்டியவர்கள் விட்டுப்போன குப்பை. சிமெண்டுத் தூள், மரத்தூள், ஜிப்சம் பலகைத் துண்டுகள், சிகரெட் பெட்டி, ஒருமுறை ஒரு முழு மதியச் சாப்பாட்டுப் பொட்டலம். புதுவீட்டுக்குக் குடிவந்து மூன்றாம் மாதமே சுத்தம் செய்ய அழைத்தவர்கள் உண்டாம்.

இனி, பலரும் சொல்லாமல் விடுகின்ற ஒரு செய்தி. குழாயைச் சுத்தம் செய்தே தீரவேண்டுமா? அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1997-ல் இதைப்பற்றி வீட்டுக்காரர்களுக்கென ஒரு கையேடு வெளியிட்டது. குழாய் சுத்தம் செய்வதால் நோய் வராமல் தடுக்கப்படுகிறது என்பது இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் தூசி பெரும்பாலும் அங்கேயே கிடக்கும், அறைக்குள் வருவதில்லை. சமையலும், நடமாட்டமும், திறந்த கதவும் கொண்டுவரும் தூசி அதைவிட மிகுதி. ஆகவே ஆண்டுதோறும் வழக்கமாகச் செய்யவேண்டிய சடங்கு அன்று இது. மூன்று நிலைகளில் சுத்தம் செய்வதுபற்றி எண்ணலாம் என்கிறது அந்தக் கையேடு. குழாயின் உட்புறத்திலோ எந்திரத்தின் மற்றப் பாகங்களிலோ கண்ணுக்குத் தெரியும்படி பூஞ்சணம் மிகுதியாகப் பற்றியிருந்தால். எலியோ பூச்சியோ குடியேறியிருந்தால். தூசியும் குப்பையும் குழாயை அடைத்து, சன்னல் வழியே அறைக்குள் உதிர்ந்துகொண்டிருந்தால். இவற்றிலுங்கூட, காரணத்தை நீக்காமல் குழாயை மட்டும் துடைத்தால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும்.

தொழிலையே குறைசொல்லும் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு மாமாவிடம் சற்றுத் தயங்கித்தான் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. "இது தெரிஞ்சவன்தாம்மா நல்ல வேலைக்காரன். தேவையில்லாத வீட்டுல 'உங்களுக்கு வேண்டாம் சார், பில்டரை மட்டும் மாத்துங்க'ன்னு சொல்லிட்டு வர தைரியம் வேணும். என் முதலாளிகிட்ட அதுக்காக ரெண்டு தடவை திட்டு வாங்கியிருக்கேன்" என்றார்.

இவ்விடத்தில் 1976-ஐப் பற்றிச் சொல்லாமற் போகமுடியாது. அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஓட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர் சங்க மாநாடு நடந்தது. வந்தவர்களில் பலர் சில நாள்களில் நுரையீரல் அழற்சி கண்டு வீழ்ந்தனர். ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். காரணமான நுண்ணுயிர் அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் அடையாளம் காணப்பட்டது. 'லெஜியோனெல்லா' என்று பெயரிட்டார்கள். குளிர்பதன அமைப்பின் நீரில் வளர்ந்து, நுண்துளியாகக் காற்றில் கலந்து பரவியது என்பது ஆராய்ந்தோர் முடிவு. குழாய் சுத்தம் செய்ய விளம்பரம் செய்பவர்கள் சிலர் இந்த நிகழ்ச்சியைக் காட்டி மக்களைப் பயமுறுத்துவர். ஆனால் அங்கே குற்றவாளி நீர். குழாய்த் தூசி அன்று.

வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவில் 1989-ல் இத்தொழில் செய்வோர் கூடிச் சங்கம் ஒன்று அமைத்தனர். நாட்கா என்று சுருக்கமாக அழைப்பர். அவர்கள் வகுத்த நெறியின் உயிர்நாடி ஒரே கருத்துதான்: அழுக்கை இடம் மாற்றாதே, வெளியே எடு. மணம் தெளிப்பதும் மருந்து அடிப்பதும் சுத்தமாகா. வளைகுடாவில் நல்ல நிறுவனங்களும் இதே முறையைப் பின்பற்றுகின்றன என்றார் மாமா.

ஆள் வந்ததும் கருவியை இறக்கக்கூடாது. முதல் வேலை பார்ப்பது. சல்லடைச் சன்னல்களைக் கழற்றி, கம்பியின் நுனியில் பொருத்திய சிறு கேமராவை உள்ளே அனுப்பி, வீட்டுக்காரரை அருகே நிறுத்திக்கொண்டு திரையில் காட்டவேண்டும். குழாய் எதனால் ஆனது என்று அறியவேண்டும். வெறும் தகரமா, உட்புறம் கண்ணாடி நார் ஒட்டியதா, வளையும் குழாயா என்பதைப் பொறுத்துத்தான் தூரிகை. தகரத்துக்கு ஏற்ற முரட்டுத் தூரிகை, வளையும் குழாயின் மெல்லிய உறையைக் கிழித்துவிடும். கண்ணாடி நார் நனைந்து பூஞ்சணம் பற்றியிருந்தால் அதைச் சுத்தம் செய்ய வழியே இல்லை. அப்பகுதியை வெட்டி எடுத்துப் புதிது வைக்கவேண்டியதுதான். கறுப்பாய்த் தெரிவதெல்லாம் பூஞ்சணம் என்று சொல்லிவிடவும் கூடாது. ஐயம் இருந்தால் சிறிது சுரண்டி ஆய்வகத்திற்கு அனுப்பவேண்டும். பழைய அமெரிக்க வீடுகளில் குழாயைச் சுற்றிக் கல்நார் இருக்கும். அது தென்பட்டால் கைவைக்காமல் வெளியேறிவிடவேண்டும் என்பது அங்குள்ள விதி.

அடுத்து மின்சாரம். எந்திரத்தின் சுவிட்சை அணைத்தால் போதாது. பலகையில் அதற்குரிய இணைப்பைத் துண்டித்துப் பூட்டி, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற அட்டையையும் மாட்டவேண்டும். இது மாமாவுக்கு அனுபவத்தில் வந்த பாடம். ஒருநாள் அவர் கை விசிறிச் சக்கரத்துக்குள் இருந்தபோது, புழுக்கம் தாங்காத வீட்டுப் பையன் ஒருவன் கூடத்திலிருந்த பொத்தானை அழுத்திவிட்டான். இடது கை நடுவிரலின் நகம் போயிற்று. "விரல் போகலையே" என்று சிரித்துக்கொண்டே அந்த விரலைக் காட்டினார். அந்த விரலை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கதவில் நசுங்கியது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

தரையையும் கட்டிலையும் சோபாவையும் பிளாஸ்டிக் தாளால் மூடுவார்கள். பின்னர் குளிர்ச்சுருளின் முன்னும் பின்னும் அடைப்பு வைப்பார்கள். குழாயிலிருந்து கிளம்பும் தூசி சுருளின் மெல்லிய தகடுகளுக்குள் போய் அடைந்துகொண்டால் செய்த வேலை பாழ்.

இப்போது முக்கியமான கட்டம். நம் இயற்பியல் வகுப்பில் அழுத்த வேறுபாடு என்று படிக்கிறோமே, முழு வேலையும் அதன்மேல்தான் நிற்கிறது. எந்திரத்தை ஒட்டித் தாய்க்குழாயில் ஓர் அளவான துளை வெட்டி, அதில் பெரிய உறிஞ்சியைப் பொருத்துவார்கள். நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான கன அடிக் காற்றை இழுக்கும் எந்திரம் அது. வேலை செய்கிற ஒரு சன்னலைத் தவிர மற்ற எல்லாச் சன்னல்களையும் தாளொட்டி அடைத்துவிடவேண்டும். அப்போது குழாய்க்குள் அழுத்தம் அறையில் இருப்பதைவிடக் குறைந்துவிடுகிறது. இளநீரை உறிஞ்சும் குழலில் ஓட்டை விழுந்தால் இளநீர் வெளியே சிந்துவதில்லை, காற்றுத்தான் உள்ளே வருகிறது அல்லவா? அதேபோல், எந்த இடுக்கு இருந்தாலும் காற்று வீட்டிலிருந்து குழாய்க்குள் போகுமே தவிர, தூசி வீட்டுக்குள் வராது. இது சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க மாமாவிடம் ஓர் எளிய சோதனை இருந்தது. திறந்த சன்னலருகே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடிப்பார். அது குழாயை நோக்கிச் சாய்ந்தால் தூரிகையை எடுக்கலாம். சாயாவிட்டால் எங்கோ ஒரு சன்னல் அடைபடவில்லை என்று பொருள்.

உறிஞ்சியின் வாய் மட்டும் பெரிதாக இருந்தால் ஆகாது; அதன் மூக்கும் நன்றாக இருக்கவேண்டும். இழுத்த காற்றை வீட்டுக்குள்ளேயே விடுவதானால் 'ஹெப்பா' வடிகட்டி கட்டாயம். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிக்கவல்லது அது. தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று சொன்னால் அந்த அளவு விளங்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கர் அணுகுண்டுப் பணியில் கதிரியக்கத் தூளைப் பிடிக்க முனைந்தபோது வளர்ந்த வடிகட்டி இது. இன்று நம்மூர் மருத்துவமனை அறுவை அரங்குகளிலும் இதே வடிகட்டி இருக்கிறது.

உறிஞ்சி மட்டும் ஓடினால் ஒட்டிய தூசி வராது. தட்டிக் கிளப்பவேண்டும். சுழல் தூரிகை ஒரு வகை. அழுத்தக் காற்றில் துள்ளி ஆடும் ரப்பர் வால்களையுடைய 'காற்றுச் சாட்டை' மற்றொரு வகை. எங்கே தொடங்குவது என்பதில் பலர் தவறுகின்றனர். நம்மூர் ஏரிக்குக் கால்வாய் வெட்டித் துப்புரவு செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அள்ளுகிற இடத்துக்கு மிகத் தொலைவான கோடியிலிருந்து தள்ளிக்கொண்டே வரவேண்டும். அதுபோல் உறிஞ்சிக்கு எட்டாத் தொலைவிலுள்ள அறையில் தொடங்கி, அதை நோக்கியே அழுக்கை ஓட்டிவரவேண்டும். ஒவ்வொரு கிளையாக முடித்து, முடிந்த சன்னலை உடனே அடைத்துவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். திரும்பும் குழாய் வேறு, போகும் குழாய் வேறு. இரண்டையும் தனித்தனியே செய்யவேண்டும். மாமா திரும்பும் குழாயைத்தான் முதலில் செய்வாராம். அழுக்கு மிகுதியாயிருப்பது அங்கேதான்.

குழாய் முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. அவசரக்காரர்கள் இத்தோடு பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவர். விசிறிச் சக்கரத்தின் ஒவ்வொரு தகட்டிலும் தோல்போலப் படிந்திருக்கும் அழுக்கைச் சுரண்டவேண்டும். குளிர்ச்சுருளை, காற்று வரும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து, மென்மையான கழுவுநீராலும் குறைந்த அழுத்த நீராலும் கழுவவேண்டும். வேகமாக அடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்துவிடும். நீர் சொட்டும் தட்டைத் தேய்த்து, ஒரு குவளை நீர் ஊற்றி, அது வடிகுழாய் வழியே முழுவதும் வெளியேறுகிறதா என்று நின்று பார்க்கவேண்டும். "இந்த ஒரு சொம்புத் தண்ணியை ஊத்திப் பாக்காதவன் வேலைக்காரனே இல்ல" என்பது மாமாவின் தீர்ப்பு.

வெட்டிய துளையை மூடுவதும் ஒரு கலை. தகரத் துண்டு வைத்துத் திருகாணி முடுக்கி, ஓரம் முழுதும் பசைபூசி அடைக்கவேண்டும். அல்லது அதற்கென உள்ள அலுமினியத் தாள்நாடா ஒட்டவேண்டும். துணி முதுகுள்ள 'டக்ட் டேப்' என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. 1998-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் பலவகை ஒட்டுப்பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதித்தபோது, குழாய் மூட்டில் நிற்காமல் தோற்றது அந்த நாடாதான். பெயரில் குழாய் இருக்கிறது. குழாய்க்கு மட்டும் ஆகாது.

இறுதியில் மீண்டும் கேமரா. வீட்டுக்காரர் பார்க்கவேண்டும். ஐயப்படுவோர்க்கு அளவுமுறையும் உண்டு. குழாய்ச் சுவரில் 100 சதுர செ.மீ. பரப்பை ஒரு சிறு வடிதாள் வழியே உறிஞ்சி எடுத்து, அந்தத் தாளை எடைபோட்டால், சேர்ந்த தூசி 0.75 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்று அந்தச் சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. இருவர் சேர்ந்து ஒரு நடுத்தர வீட்டை இப்படிச் செய்து முடிக்கக் காலையில் தொடங்கினால் பிற்பகல் ஆகிவிடும். ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம் என்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம். சன்னலைக் கழற்றி, வீட்டுப் பெருக்கும் எந்திரத்தின் வாயை ஒரு முழம் உள்ளே விட்டு எடுத்து, மணமுள்ள புகையை அடித்துவிட்டுப் போவர். இன்னும் சிலர் வேறொரு வீட்டுக் குழாயின் படத்தைக் கைபேசியில் காட்டிப் பூஞ்சணம் என்று மிரட்டிப் பணம் பறிப்பர். மருந்தைப் பற்றியும் ஒரு சொல். உட்புறம் கண்ணாடி நார் ஒட்டிய குழாய்களில் அடிக்கத்தக்கதென்று எந்தக் கிருமிநாசினியையும் தாம் பதிவு செய்யவில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனமே கூறுகிறது. வெறுந்தகரத்தில்கூட அழுக்கை எடுத்தபின்பே மருந்தைப்பற்றி நினைக்கவேண்டும்.

இதுவரை எழுதியது வீட்டுக்காரர் பக்கம். மூன்றாம் நாள் மாலை அம்மா வேறொரு கேள்வி கேட்டாள்.

"எல்லாஞ் சரி அண்ணே. அத்தனை தூசியும் உன் மூக்குக்குள்ள போகாதா?"

மாமா பதில் சொல்லவில்லை. பதில் எங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் அவர் வீட்டுப் பக்கம் போனால் அவர் இருமுவது தெருவரை கேட்கும். உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை நாளும் சொல்லிவந்தார். உப்புக் காற்றிலேயே பிறந்தவருக்கு அது எப்படி ஒத்துக்கொள்ளாமற் போகும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அன்றுதான் சொன்னார். அவர் சேர்ந்த முதல் நான்கு ஆண்டுகள் அந்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) தந்தது மருத்துவர்கள் கட்டும் மெல்லிய நீலத் துணி முகமூடி மட்டும். பொய்க்கூரைக்கு மேல் தவழ்ந்து போகும்போது வெப்பம் தாங்காமல் அதையும் கழற்றிவிடுவார்களாம். வீட்டுக்காரர் வீட்டுக்குள் தூசி வரக்கூடாது என்று உறிஞ்சிக்கு ஹெப்பா வடிகட்டி வாங்கியவர்கள், அதை இயக்குகிறவனின் மூக்குக்கு ஒரு நல்ல முகமூடி வாங்கவில்லை. பத்து மைக்ரானுக்குக் குறைந்த துகள் மூச்சுக்குழலுக்குள் போகும்; இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்தது நுரையீரலின் ஆழம்வரை செல்லும். கண்ணுக்குத் தெரியும் தூசியைத் துடைத்துவிடலாம். தெரியாததுதான் உள்ளே தங்குகிறது.

அப்படியானால் என்ன அணியவேண்டும் என்று தம்பி கேட்டான். குறைந்தது என்-95 வகை. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் நூற்றுக்கு 95 பங்கைத் தடுக்கும். ஆனால் முகத்தோடு இறுகப் பொருந்தவேண்டும். ஓரத்தில் இடுக்கு இருந்தால் காற்று அவ்வழியேதான் போகும். குழாயின் மூட்டுக்குச் சொன்ன அதே விதி மூக்குக்கும். தாடி வைத்தால் பொருந்தாது. பூஞ்சணமும் எலிப்புழுக்கையும் உள்ள இடத்தில், மாற்றத்தக்க வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி நல்லது. கண்ணாடியும் கையுறையும் வேண்டும். எலிப்புழுக்கையை உலர்வாகப் பெருக்காமல் நனைத்துத் துடைத்தெடுக்கவேண்டும். வேலைச் சட்டையோடு படுக்கையில் அமரக்கூடாது. இவற்றையெல்லாம் தம்பி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். பயிற்சி நிலையத்தில்கூட அவன் அவ்வளவு கருத்தாய் எழுதியிருக்கமாட்டான். அடுத்த வாரம் மாமாவைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பல ஆண்டுகளாய்த் தள்ளிப்போட்டது. குழலில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்த்தார்கள். இப்போது உறிஞ்சு மருந்து எடுத்துக்கொள்கிறார். பீடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார், பாதிதான் நம்பலாம்.

நம் ஊர் வீடுகளுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். செய்யூரிலும் இப்போது சுவர் ஏ.சி. பெருகிவிட்டது. குழாய் இல்லையே தவிர வடிகட்டி, சுருள், உருளை விசிறி, நீர்த்தட்டு, வடிகுழாய் எல்லாம் அதிலும் உண்டு. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி நீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டினால் பெரும்பாதித் தொல்லை தீரும். அது அடைத்துக்கொண்டால் காற்று குறையும். காற்று குறைந்தால் சுருள் மிகக் குளிர்ந்து பனிக்கட்டி பிடிக்கும். மின்சாரச் செலவு ஏறும். 'கேஸ் போய்விட்டது' என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம், முதலில் வடிகட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அறையில் புளித்த வாடை வந்தால் பெரும்பாலும் நீர்த்தட்டிலும் உருளை விசிறியிலும்தான் காரணம் இருக்கும். மணத்தெளிப்பான் அதற்கு மருந்தாகாது. கடலோரத்துக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்று வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரித்துத் தூளாக்கிவிடும். செப்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அரிமானம் விரைவு என்பதை வேதியியல் நண்பர்கள் விளக்குவார்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரால் மெதுவாக அவ்வப்போது கழுவிவிட்டால் ஆயுள் நீளும். கிணற்று நீர் உப்பாக இருக்கும் தெருக்களில் அந்த நீரால் கழுவிப் பயனில்லை. அதைச் செய்துவிட்டுத்தான் எங்கள் பக்கத்து வீட்டார் மூன்றாம் ஆண்டே புதுப்பெட்டி வாங்கினார்கள்.

தம்பி பொங்கல் கழிந்து புறப்பட்டான். பெட்டியில் அம்மா வைத்த ஊறுகாய்க்குப் பக்கத்தில் மாமா ஒரு பொட்டலம் வைத்தார். இருபது என்-95 முகமூடிகள். நிறுவனம் கொடுக்கும்வரை ஆகும், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கு என்றார். கேட்டால் வேலையிலிருந்து அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று தம்பி கேட்டான். "ஊருக்கு வந்துடு. இங்க ஏ.சி. சர்வீஸ் கடை போடலாம். நானும் கூட வரேன்" என்றார் மாமா.

சென்ற மாதம் தம்பி கைபேசியில் இரண்டு படங்கள் அனுப்பினான். ஒரே குழாய், முதற்படத்தில் சாம்பல் நிறக் கம்பளி விரித்தாற்போல் தூசி, இரண்டாவதில் தகரம் பளிச்சிடுகிறது. அம்மா அவற்றைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். 'என் பிள்ளை செய்த வேலை' என்று சொல்லியே காட்டினாள். இரவு அவன் பேசும்போது படத்தைப்பற்றி ஒன்றும் சொல்லாமல், அவன் முகத்தைத் திரையில் உற்றுப் பார்த்தாள். மூக்கின் மேலும் கன்னத்திலும் முகமூடியின் ஓரம் அழுந்திய தடம் சிவப்பாய்த் தெரிந்தது. தெரிந்த பிறகுதான், சாப்பிட்டாயா என்று கேட்டாள்.